மூன்று மணிக் கோப்பி

அன்று அந்த ஹோட்டல் தளத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அறைக்குள்ளே பன்னிரண்டு ஐரோப்பிய நாடுகளின் விவசாய அதிகாரிகள், நாட்டுக்கு ஒருவர். அவர்களை இருத்திவைத்துப் பேசவைத்த தலைவி அம்மா. அவருக்குப் பக்கத்தில் கணக்குப் பார்க்கிற ஒருவர். காதோரம் மெல்லச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேர். அறைக்கு வெளியே, மத்தியானம் வரைக்கும் எங்கள் கப்டன். வந்து வந்து போனபடி மனேஜர். அறைக்குப் பின்னால் கோப்பி தயாரிக்கிற சின்னப் பன்ரியில் கோப்பை கழுவிக்கொண்டு மட்டக்களப்பு அண்ணை. கதவடியில், கோப்பி வண்டியோடு, நான். இவ்வளவு பேர்தான். பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொன்ன சிலர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். நிற்கவில்லை.

ஹோட்டல்களில் கூட்டங்கள் நடக்கும் தளங்களில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மேசை எப்படிப் போடுவது, கோப்பையின் காது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் முதல் கிழமையிலேயே பழக்கிவிடுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே அது பழகியது. ஒரு கதவை எப்போது திறப்பது, எப்போது திறக்காமல் நிற்பது என்பதைத்தான் ஒருவரும் பழக்க முடியாது. எனக்கும் அது சரியாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் இன்னும் நாலு பெடியங்களோடு ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தேன். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில். ஊரில் இருக்க முடியாமல் அங்கே வந்தவர்கள், அங்கேயும் கதவு தட்டப்படும் ஒவ்வொரு தடவையும் பதறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கான பத்திரங்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. இமிகிரேஷனில் இருந்த பெண் இன்னும் ஒன்றைத்தான் கேட்டார்: நிரந்தர வேலை என்று முதலாளி எழுதித் தருகிற கடிதம். ஹோட்டலில் எனக்குப் புறொபேஷன், அதாவது வேலை உறுதியாகுமுன் சோதித்துப் பார்க்கிற காலம், முடிய இருந்தது. அதற்குள் ஒரு முறைப்பாடு வந்தாலும் கடிதம் இல்லை, வேலையும் இல்லை. மனேஜர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான் இயல்பிலேயே யோசிக்கிறவன். யோசிக்கிறவன் என்றால் அறிவாளி என்று எடுக்க வேண்டாம். பஸ் பிந்துமோ, பால் திரைந்திருக்குமோ, வண்டிச் சில்லு கழன்றுவிடுமோ என்று யோசிக்கிற ஆள். எங்கள் கப்டன், அதாவது பரிமாறுகிற எங்கள் குழுவுக்குப் பொறுப்பான பெண், ட்ரினிடாட்டில் பிறந்தவர். அவர் ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உன்ர முகத்தைப் பாத்தால் கோப்பி தானாய் ஆறிப்போகும். கொஞ்சம் அங்கால திரும்பி நில்லு."

(மட்டக்களப்பு அண்ணையைத் தவிர மற்றவர்கள் பேசியது ஆங்கிலம். நான் என் வாய்த்தமிழில் தருகிறேன்; வேறு தமிழ் எனக்கு வராது.)

ஆனால் அவர்தான் எனக்கு ஒரு விஷயத்தைக் கற்றுத் தந்தார். பேச்சு நடக்கிற அறைக்குள் கோப்பி கொண்டுபோகுமுன் கதவடியில் ஒருக்கால் நின்று கேட்க வேண்டும். "சத்தமாய் இருந்தால் போ. சத்தம் போடுறவை நடிக்கினம். உள்ளுக்கை ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டால் கதவில இருந்து கையை எடு. அப்பதான் ஆரோ ஒராள் விட்டுக்குடுக்கப் போகுது."

இது எனக்கு உடனே விளங்கியது. அக்காவுக்குச் சம்பந்தம் பேசிய நாளில் நான் கதவு மறைவில் நின்றவன். மாப்பிள்ளையின் மாமன் கடைசியாகக் கிணற்றோடு இருந்த தோட்டக்காணியைச் சீதனமாகக் கேட்டார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒருவரும் பேசவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து அம்மா தேத்தண்ணித் தட்டத்தை அனுப்பினார். எல்லாரும் குடித்தார்கள். மாமன் சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்பினார். பிறகு அவர்கள் வரவில்லை. அம்மா நேரம் கெட்ட நேரத்தில் தேத்தண்ணி அனுப்பிக் காரியத்தைக் குழப்பிவிட்டார் என்று நான் பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் கூட்டம். உலகத்தின் பல நாடுகள் விவசாய வியாபாரம் பற்றிப் பேச ரொறன்ரோவுக்கு வந்திருந்தன. பெரிய மண்டபத்தில் மறுநாள் கூட்டம். அதற்கு முதல், ஐரோப்பியர்கள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று மேல்தளத்தில் ஒரு சின்ன அறையை எடுத்தார்கள். காலையில் நான் தண்ணீர்க் கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் நேரத்தோடு வந்துவிட்டார். மண்ணிறக் கோட்டு, பெரிய கைகள். ஐரோப்பாவின் மேற்குக் கரையில் இருக்கிற, ஆங்கிலம் பேசுகிற ஒரு சின்ன நாட்டுக்காரர். பாண் தட்டில் இருந்த பட்டரைக் கத்தி நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல பட்டர்," என்றார். "எங்கட குளிர்க் கிடங்குகளில உது மலைமலையாய்க் கிடக்குது. அதுதான் பிரச்சினை."

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவராகவே சொன்னார்.

"பன்னிரண்டு நாட்டுக்கும் ஒரே காசுப்பெட்டி. ஆர் பால் கறந்தாலும் அந்தப் பெட்டியில இருந்துதான் விலை தாங்கிப் பிடிக்கிறம். கறக்கக் கறக்கப் பட்டர் மலை உயருது, பெட்டி பதியுது."

"அப்ப குறைச்சுக் கறக்கச் சொல்லுவினமோ?"

"ஓம். எல்லாரும் குறைக்க வேணும் எண்டு எல்லாரும் சொல்லுவினம். ஆர் எவ்வளவு எண்டதிலதான் சண்டை. பெரிய நாட்டுக்குப் பால் போனால் இரும்பு இருக்கு, கார் இருக்கு. எங்கட பக்கம் மழையும் புல்லும் மாடும். அவ்வளவுதான்."

"நீங்கள் ஏலாது எண்டு சொல்லலாம்தானே?"

அவர் சிரித்தார். "தனிய ஒராள் எவ்வளவு நேரத்துக்கு ஏலாது எண்டு சொல்லேலும், சொல்லும் பாப்பம்?"

பிறகு மற்றவர்கள் வந்துவிட்டார்கள். நான் வெளியே வந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தலைவி அம்மா கப்டனையும் என்னையும் கதவடிக்குக் கூப்பிட்டார். குள்ளமான, நரைத்த பெண். மெல்லிய குரல். "சாப்பாட்டுக்குப் பிறகு நான் கதவைச் சாத்துவன். நானாய்த் திறக்கும் மட்டும் ஒருத்தரும் திறக்கக்கூடாது. கோப்பியும் வேண்டாம்." கப்டன் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஆனால் மனேஜரிடமும் எல்லாருடைய கையிலும் இருந்த நிகழ்ச்சித் தாளில் மூன்று மணிக்குக் கோப்பி என்று இருந்தது. அந்தத் தாளில் இருப்பதை மாற்றுவதென்றால் கூட்டத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் சொல்ல வேண்டும். அதை மனேஜரிடம் சொல்வதற்கென்று கப்டன் கீழே போனார். போனவரைப் பெரிய மண்டபத்து வேலைக்கு மறித்துவிட்டார்கள். அவர் சொன்னாரா, சொல்ல முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் தனி ஆள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. முதலில் நல்ல சத்தம். ஒருவர் மேசையில் தட்டினார். ஒருவர் பகிடி விட்டார், நாலைந்து பேர் சிரித்தார்கள். பன்ரிக்குப் போய்க் கோப்பி ஊற்றி, வண்டியைத் தள்ளி வந்து கதவடியில் வைத்தேன். திறப்பதற்காக அல்ல, மனேஜர் வந்தால் ஆயத்தமாக இருக்கிறது என்று காட்டுவதற்காக. மட்டக்களப்பு அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்ன மனே, உள்ளுக்குக் கலியாணமா, செத்த வீடா?"

"ரெண்டுக்கும் நடுவில, அண்ணை."

"மறுகா ஏன் நீ இப்பிடி வேர்க்கிறாய்?"

('மறுகா' என்றால் அவர் ஊரில் 'பிறகு'.) நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே சத்தம் குறைந்துகொண்டு வந்தது. பிறகு நின்றே விட்டது. கதிரை அசைகிற சத்தமும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்களின் குசுகுசுப்பும் இல்லை. எனக்கு அப்பாவின் குனிந்த தலை ஞாபகம் வந்தது.

மனேஜர் வந்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூண்டு தாண்டிப் போச்சு. ஏன் இன்னும் வெளியில நிக்குது?"

"தலைவி அம்மா திறக்க வேண்டாம் எண்டவ, சேர்."

"அந்த அம்மா உமக்குச் சம்பளம் தாறாவோ? தாளில கோப்பி எண்டு கிடக்கு. நாளைக்குப் பில் போடேக்க கோப்பி வரேல்லை எண்டு சொன்னால் ஆர் பதில் சொல்லுறது? நீரோ?"

"அஞ்சு நிமிஷம், சேர்."

"உமக்கு ஏதோ கடிதம் வேணும் எண்டு கேட்டீர், என்ன?"

அவர் சத்தம் போடவில்லை. மிகவும் அன்பாகக் கேட்டார். என் கை வண்டியின் பிடியில் இருந்தது. லொட்ஜ் அறை எனக்குக் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒற்றைக் கட்டிலும், மகள் காலை ஆட்டிக்கொண்டு அதில் இருக்கிறதும். தள்ளினால் ஒன்றும் இல்லை, ஒரு கதவு, கொஞ்சக் கோப்பி. உள்ளே இருப்பவர்கள் எனக்கு யார்? இப்படியெல்லாம் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் கை தள்ளவில்லை. தைரியத்தால் அல்ல. யோசிக்கிற ஆளுக்கு இரண்டு பக்கமும் பயம் வந்தால் அவன் அசையாமல் நிற்பான். நான் நின்றேன். கப்டன் சொன்னதும் அந்தப் பழைய தேத்தண்ணித் தட்டமும் சேர்ந்து என்னை அந்த இடத்திலேயே பிடித்து வைத்திருந்தன.

மனேஜர் என்னைத் தாண்டிக் கதவுப் பிடியில் கையை வைத்தார். நான் வண்டியை ஒரு அடி நகர்த்தினேன். அது அவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றது. வேண்டும் என்று செய்தேனா என்று இன்றைக்கும் கேட்டால், ஓம், வேண்டும் என்றுதான் செய்தேன்.

"இந்தக் கூட்டத்தோட சரி. திங்கட்கிழமை வர வேண்டாம்," என்றார்.

அப்போது உள்ளே ஒரே ஒரு குரல் கேட்டது. ஆண் குரல், தாழ்ந்த குரல், ஒரு வசனம். பிறகு பல கதிரைகள் ஒன்றாகப் பின்னுக்கு இழுபட்டன. கதவு திறந்தது. தலைவி அம்மா நின்றார். முகம் சிவந்திருந்தது. மனேஜர் கையை எடுத்துவிட்டார்.

"உங்கட ஆள் சொன்ன சொல்லைக் காத்தவர்," என்றார் மனேஜரிடம். "இந்தக் கதவு திறந்திருந்தால் எங்களுக்கு ஒரு முடிவு கிடைச்சிராது. உங்கட மேலிடத்துக்கு நான் எழுதுவன்."

மனேஜர் ஒரு கணமும் பிந்தவில்லை. "அது எங்கட வழமை, மேடம். ஆக்களுக்கு அப்பிடித்தான் பழக்கிறனாங்கள்."

பிறகு என் முதுகில் தட்டினார். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அந்தக் கிழமையே கடிதம் கைக்கு வந்தது.

ஆனால் அன்றைக்குப் பன்ரிக்குள் போனபோது எனக்கு வாய் நிற்கவில்லை. மட்டக்களப்பு அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கப்டனின் பேச்சு, அமைதி, அக்காவின் சம்பந்தம், அம்மா அனுப்பிய தேத்தண்ணி, எல்லாம். அவர் கோப்பையைத் துடைத்தபடி கேட்டார்:

"அந்தக் காணி மறுகா என்ன ஆச்சு?"

"அது கிடந்தது. அதில மரக்கறி வைச்சுத்தான் எங்களை வளர்த்தவை. அக்காவுக்குப் பிறகு வேற இடத்தில சரிவந்தது."

"அப்ப உங்கட அம்மா தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கா, மனே."

"என்னண்ணை சொல்லுறீங்கள்?"

"புருஷன் ஓம் எண்டு சொல்லிப்போடுவாரு எண்டு பயந்திருப்பா. வாயைத் திறக்கிறத்துக்கு முதல் அதுக்குள்ள தேத்தண்ணிய ஊத்திட்டா. கெட்டிக்காரி."

எனக்குக் கோபம் வந்தது. என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பன்ரிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த மண்ணிறக் கோட்டுக்காரர் உள்ளே வந்தார். வழி தவறி வந்தவர் போல நின்றார்.

"இங்க ஒரு ஃபோன் இருக்குதோ? ஹோட்டல் ஃபோன் இல்லை. வேற."

வேலைக்காரர் நடைபாதையில் சுவரோடு ஒரு காசு போடுகிற ஃபோன் இருந்தது. காட்டினேன். அவர் உடனே போகவில்லை.

"நீர்தான் கதவடியில நிண்டனீர்?"

"ஓம், ஐயா."

நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து முகத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டேன்.

"தாளில மூண்டு மணிக்குக் கோப்பி எண்டு போட்டிருந்தது," என்றார். "மூண்டு மணி வரைக்கும் தாக்குப்பிடிச்சால் காணும் எண்டு இருந்தனான். கோப்பிக்கு எழும்பினால் என்ர அமைச்சருக்கு ஃபோன் எடுத்திருப்பன். இழுத்தடி எண்டு அவர் சொல்லியிருப்பார். நாளைக்கு மற்ற நாடுகளோட கூட்டம் துவங்கியிருக்கும், எங்கட கதை பிறகு பாப்பம் எண்டு போயிருக்கும். அவையெல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தவை. நான் கதவைப் பாத்துக்கொண்டு இருந்தன்."

மட்டக்களப்பு அண்ணை தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

"என்னைத் திறக்க வேண்டாம் எண்டு சொன்னவை, ஐயா," என்றேன்.

"தெரியும். நீர் உம்மட வேலையைச் செய்தனீர்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். கப்டன் சொன்னது பிழை இல்லை. அறை அமைதியானால் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்கப் போகிறார் என்பது இருபத்தைந்து வருஷம் நான் பார்த்த எல்லா அறைகளிலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒருவர் யார் என்று கப்டன் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நாங்கள் பரிமாறுகிறவர்கள், எந்தப் பக்கமும் இல்லை என்று உங்களுக்குச் சொல்வார்கள். சொல்லட்டும். சாத்தின கதவு ஒருவருக்கு உதவி, இன்னொருவருக்குச் சுவர். திறந்தாலும் அப்படித்தான். அன்றைக்கு அந்தத் தளத்தில் அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே உதவி என் கையில் ஆறிக்கொண்டிருந்த கோப்பிதான். அது எனக்குத் தெரிந்திருந்தால் தள்ளியிருப்பேனா? தெரியாது. தலைவி அம்மாவுக்குத் தலையாட்டியிருந்தேன். அந்தக் கிடங்குகளில் பட்டர் மலையாய்க் கிடந்ததும் உண்மை. யாரோ குறைக்கத்தான் வேண்டும். இன்றைக்கும் இரண்டு பக்கமும் யோசிக்கிறேன். ஒன்றுதான் சொல்ல முடியும். கட்டளைப்படி நில்லுங்கள், ஆனால் நிற்பதால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அவர் ஃபோனடிக்குப் போனார். சட்டைப் பைகளைத் தடவிப் பார்த்தார். பெரிய நோட்டுகள்தான் இருந்தன. யாருக்கு எடுக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"தம்பிக்கு. அவன்தான் மாடு வைச்சிருக்கிறான், அப்பாவின்ர இடத்தில. கீழ பத்திரிகைக்காரர் நிக்கினம். இன்னும் கொஞ்சத்தில அங்கத்தை செய்தியில போகும். ரேடியோ சொல்லுறத்துக்கு முதல் நான் சொல்ல வேணும்."

என் லொக்கரில் ஒரு துணிப்பை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஃபோனில் கொழும்பு லொட்ஜுக்கு எடுப்பதற்காகச் சேர்த்த நாணயக் குற்றிகள். ஓடிப்போய் எடுத்து வந்து அவர் கையில் கவிழ்த்தேன்.

குற்றிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் விலகித்தான் நின்றேன். ஆனால் அந்த நடைபாதை ஒடுக்கமானது, கேட்காமல் இருக்க முடியாது. முதலில் மழையா என்று கேட்டார். பிறகு ஏதோ ஒரு பசுவின் பெயரைச் சொல்லிக் கன்று போட்டுவிட்டதா என்று கேட்டார். நெடுநேரம் இப்படியே. இடையில் ஒப்பரேட்டர் காசு கேட்டார். அவர் இன்னும் போட்டார். பிறகு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "நான்தான் ஓம் எண்டனான். வேற ஆரும் இல்லை, நான்தான்," என்றார். அந்தப் பக்கத்தில் இருந்து பதில் வந்ததா என்று தெரியாது. அவர் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். அமைதியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொழும்புக்கு எடுக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு எடுத்தேன். மனைவி ஃபோனில் அழுதாள். அடுத்த பனிக்காலம் முடியுமுன் அவளும் மகளும் வந்து இறங்கினார்கள். அந்தத் தம்பி தன் மாடுகளில் எத்தனையை விற்றார் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் வழி இல்லை.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் மீதிக் குற்றிகளை என் கையில் தந்தார். பாவித்த குற்றிகளை எண்ணி, அந்தக் காசை ஊருக்குப் புறப்படும் காலையில் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கட்டாயம் தருவதாகக் கையைப் பிடித்துச் சொன்னார். பெரிய கூட்டமும் முடிந்த அடுத்த காலையில் நான் வேலைக்கு வந்தபோது அவர் விமானத்துக்குப் போய்விட்டார். மேசையில் கேட்டேன். ஒன்றும் வைக்கவில்லை. பெரிய கவலையோடு போன மனுஷன், மறந்திருப்பார். எனக்கு அவர் தர வேண்டியது எட்டு டொலர் எழுபத்தைந்து சதம்.